ஏடும் வாய்மொழியும்: ஒரு பாலைவன நகரம் தன் வரலாற்றைத் தேடிக்கொண்ட வகை

ஒரு சங்கத்தின் பேரேட்டை எடுத்துப் புரட்டிப் பார்ப்போம். இன்ன அங்கத்தினருக்கு இன்ன தேதியில் இவ்வளவு நூல் வழங்கப்பட்டது, இவ்வளவு கடன் கொடுக்கப்பட்டது, இவ்வளவு திரும்பி வந்தது என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஆண்டில் அவர் ஏன் தவணை தவறினார், அவர் வீட்டுத் தறி ஏன் மூன்று மாதம் ஓடாமல் நின்றது, மற்ற அங்கத்தினர்கள் அவருக்கு எவ்வாறு கைகொடுத்தார்கள் என்பன அதில் இரா. அவற்றை அறிந்தவர்கள் ஊரிலே இருப்பார்கள். ஆனால் அவர்கள் எக்காலத்தும் இருக்கப்போவதில்லை. கணக்கேட்டில் நிற்பதும் மனிதர் நினைவில் நிற்பதும் ஒன்று சேரும்போதுதான் ஒரு கூட்டத்தாரின் வரலாறு முழுமை பெறுகிறது.

இதனை நன்கு விளக்கக்கூடிய ஓர் ஊரை இம்மாதப் பாடத்திற்கு எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நெவாடா மாநிலத்தின் தென்பகுதியில், மொஹாவி என்னும் பாலைவனத்திலே அமைந்த லாஸ் வேகாஸ் நகரமே அது. சூதாட்டத்திற்கும் கேளிக்கைக்கும் பெயர்போன அவ்வூருக்கும், தறியையும் ஏரையும் நம்பி வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். அந்நகரத்தின் பெரிய ஹோட்டல்களில் அறைகளைத் துப்புரவு செய்தும், துணி வெளுத்தும், சமையற்கூடங்களில் உழைத்தும் வந்தவர்களில் பலர் பருத்திக் காடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களுடைய வரலாறு எழுத்தில் சரிவர இடம்பெறவில்லை. பிற்காலத்தில் அது எவ்வாறு கேட்டுப் பெறப்பட்டது, எவ்வாறு காக்கப்படுகிறது என்பதே ஈண்டு நாம் கற்கவேண்டிய பாடம்.

பாலைவனத்தில் ஊர் பிறந்த கதை

லாஸ் வேகாஸ் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 4 அங்குல மழையே பெய்கிறது. ஆயினும் அங்கே நிலத்தடி ஊற்றுகள் பொங்கி வழிந்துகொண்டிருந்தன. ஊற்று நீரால் புல் வளர்ந்தது. ஸ்பானிய மொழியில் ‘லாஸ் வேகாஸ்’ என்றால் புல்வெளிகள் என்று பொருள். அந்த ஊற்றுகளைச் சுற்றிப் பயூட் என்னும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். 1855ஆம் ஆண்டில் மார்மன் சமயத்தார் வந்து ஒரு சிறு கோட்டையைக் கட்டினர். இரண்டே ஆண்டுகளில் கைவிட்டுச் சென்றனர். பின்னர் அவ்விடம் கால்நடைப் பண்ணையாயிற்று. பண்ணையை நடத்திவந்த ஹெலன் ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் 1902ஆம் ஆண்டில் அதனை இருப்புப்பாதைக் கம்பெனிக்கு விற்றார். 1905ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் தேதி கம்பெனியார் மனைகளை ஏலம் போடத் தொடங்கினர். அந்த நாளையே நகரத்தின் பிறந்தநாளாகக் கொள்கின்றனர். 1911இல் ஊர் முறைப்படி நகரமாக்கப்பட்டது. அதே ஆண்டில், ஹெலன் ஸ்டூவர்ட் தம்மிடம் எஞ்சியிருந்த நிலத்திலிருந்து 10 ஏக்கர், பயூட் மக்களின் குடியிருப்பிற்காக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நிலமனைத்தும் தம்முடையதாய் வாழ்ந்தவர்களுக்குப் 10 ஏக்கர்!

1931இல் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அருகே கொலராடோ ஆற்றில், இன்று ஹூவர் அணை எனப் பெயர் வழங்கும் பேரணையின் வேலையும் தொடங்கியது. ஊர் விரைந்து வளர்ந்தது. அதன் தாகமும் வளர்ந்தது. எந்த ஊற்றுகளால் ஊர் பிறந்ததோ அந்த ஊற்றுகளே 1962இல் வற்றிப்போயின.

ஏடுகள் யாருடையவை?

இத்தகைய ஊரின் வரலாற்றை எழுத விரும்புவோருக்கு ஏடுகள் இல்லாமல் இல்லை. இருப்புப்பாதைக் கம்பெனியின் நிலப்படங்கள், கடிதங்கள், மனை விற்பனைக் கணக்குகள் உள்ளன. அணை கட்டிய பொறியாளர்களின் அறிக்கைகளும் புகைப்படங்களும் உள்ளன. ஹோட்டல்கள் விளம்பரத்திற்காக எடுத்த படங்கள் ஏராளம். இவற்றுள் பெரும்பகுதி லாஸ் வேகாஸிலுள்ள நெவாடாப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் முறையாகப் பேணப்பட்டு வருகிறது. அவை விலைமதிப்பற்றவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஓர் ஏடு அதனை எழுதியவருடைய தேவைக்காக எழுதப்பட்டது. கம்பெனிக்கு மனை விற்ற கணக்கு வேண்டும். மனை வாங்கமுடியாதவர் எங்கே படுத்து உறங்கினார் என்ற செய்தி வேண்டாம். ஹோட்டலுக்கு விருந்தினரின் படம் வேண்டும்; விருந்தினர் போனபின் படுக்கையை உதறி விரித்தவரின் படம் வேண்டாம். ஆகவே ஏடுகளை மட்டும் கொண்டு எழுதினால், பெரும்பாலும் உடைமையாளரின் வரலாறே கிடைக்கும்.

இதற்கு அந்நகரத்தின் மேற்குப் பகுதி தக்க சான்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1940களின் தொடக்கத்தில், லாஸ் வேகாஸுக்கு அருகே மக்னீசியம் உலோகம் செய்யும் பெரிய தொழிற்சாலை எழுந்தது. லூசியானா மாநிலத்தின் டல்லூலா, ஆர்க்கன்ஸா மாநிலத்தின் ஃபோர்டைஸ் என்னும் ஊர்களிலிருந்து கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். அவர்கள் இருப்புப்பாதைக்கு மேற்கேதான் குடியிருக்கமுடியும் என்ற நிலை இருந்தது. அங்கே நல்ல சாலையில்லை. நகரத்தின் பிற பகுதிகளுக்குக் கிடைத்த வசதிகள் இல்லை. ஹோட்டல்கள் அவர்களைத் துப்புரவு வேலைக்கு வைத்துக்கொண்டன. விருந்தினராக உள்ளே விடவில்லை. புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர்களுக்கும் இதே கதிதான். மேடையில் பாடிக் கைதட்டல் பெற்றபின், இரவு உறங்குவதற்கு மேற்குப் பகுதியிலுள்ள எளிய விடுதிகளுக்கே அவர்கள் செல்லவேண்டியிருந்தது. பாடகர் மேடையில் நிற்கும் விளம்பரப் படங்கள் பல கிடைக்கின்றன. அவருக்குச் சோறிட்டு இடம் கொடுத்த வீட்டைப் பற்றிக் கேட்டறிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மற்றோர் இடையூறும் உண்டு. லாஸ் வேகாஸ் தன் பழைய கட்டடங்களைத் தானே இடித்துத் தள்ளும் நகரம். டியூன்ஸ் ஹோட்டல் 1993இலும், சாண்ட்ஸ் 1996இலும், ஸ்டார்டஸ்ட் 2007இலும், ரிவியேரா 2016இலும், ட்ராபிகானா 2024இலும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக இருந்து உண்ணவும் ஆடவும் இடமளித்த அந்நகரத்தின் முதல் பெரிய ஹோட்டலான மூலான் ரூஷ் 1955ஆம் ஆண்டு மே மாதத்தில் மேற்குப் பகுதியில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மூடப்பட்டது. அதன் கட்டடமும் தீயினால் பாழ்பட்டு 2010இல் இடிக்கப்பட்டது. கட்டடம் நின்றால் அதைக் காட்டியாவது பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். அதுவும் போயிற்று. எஞ்சியது மனிதர் நினைவு ஒன்றே.

கேட்டுப் பெற்ற வரலாறு

முதியோரிடம் கேட்டு வரலாறு எழுதுவது புதிதன்று. ஆனால் ஒருவர் கூறுவதை ஒலிப்பதிவு செய்து, எழுத்துப்படி எடுத்து, பிறரும் படித்துச் சரிபார்க்கும்படி காப்பகத்தில் வைக்கும் முறை 1948இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் என்னும் வரலாற்றாசிரியரால் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஆட்சியாளர், தொழிலதிபர் போன்ற பெரியவர்களே பேட்டி காணப்பட்டனர். நாளடைவில் ஆலைத் தொழிலாளி, பண்ணையாள், வீட்டுப் பணிப்பெண் ஆகியோரிடமும் ஒலிப்பதிவுக் கருவி சென்றது. நெவாடா மாநிலத்தில், வடபகுதியிலுள்ள ரீனோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1960களில் இப்பணி ஆரம்பமாயிற்று. லாஸ் வேகாஸ் பல்கலைக்கழகத்தில் 2003இல் வாய்மொழி வரலாற்று ஆய்வு நடுவம் அமைந்தது. அதன் முதல் இயக்குநர் கிளேட்டி ஒயிட் என்னும் அம்மையார். அதற்கு முன்பே, 1990களில், ஹோட்டல்களில் வேலை செய்த கறுப்பினப் பெண்களைத் தேடிச் சென்று அவர்கள் கூறியவற்றைப் பதிவுசெய்து அவர் ஆராய்ச்சி செய்திருந்தார்.

அப்பெண்கள் கூறியவை யாவை? தென்மாநிலத்துப் பருத்திக் காட்டில் நாள்முழுதும் வெயிலில் நின்று பெற்ற கூலி எவ்வளவு சொற்பம். லாஸ் வேகாஸில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தால் நாளொன்றுக்கு 8 டாலர், அதுவும் நிழலில் வேலை என்று உறவினர் சொல்லக் கேட்டு எவ்வாறு புறப்பட்டார்கள். முதலில் வந்தவர் பின்னால் வந்தவருக்கு எவ்வாறு இடமும் வேலையும் தேடிக் கொடுத்தார் — இவையெல்லாம் அவர்கள் வாயிலாகவே வெளிவந்தன. ஹோட்டலின் சம்பளப் பட்டியலில் பெயரும் தொகையும்தான் இருக்கும். பருத்திக் காட்டை விட்டு வந்த காரணத்தை எந்தச் சம்பளப் பட்டியலும் கூறாது. நாளெல்லாம் வெயிலில் நின்று பருத்தி எடுத்த ஒருவருக்கு ‘நிழலில் வேலை’ என்ற சொல் எவ்வளவு பெரிதாகப் பட்டிருக்கும் என்பதை நம் அங்கத்தினர்கள் எளிதில் உணர்வார்கள்.

அப்பெண்கள் வேலையோடு நின்றுவிடவில்லை. சமையல் தொழிலாளர் சங்கத்தின் 226ஆம் கிளையில் சேர்ந்து தங்கள் ஊதியத்தையும் மருத்துவ வசதியையும் உயர்த்திக்கொண்டனர். அலபாமா மாநிலத்தில் பிறந்து, பத்துக் குழந்தைகளுக்குத் தாயாகி, கணவனை இழந்து, ஹோட்டல் பணிப்பெண்ணாக உழைத்த ஹாட்டி காண்ட்டி என்பவர் 1990இல் அச்சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1991ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபிரான்டியர் ஹோட்டலில் அச்சங்கத்தினர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து 1998இல் வெற்றியுடன் முடிந்தது. வேலைநிறுத்தம் செய்தோர் ஏறத்தாழ 550 பேர். ஒருவரும் உறுதி குலைந்து வேலைக்குத் திரும்பவில்லை என்பர். இத்தனை ஆண்டுக் காலம் குடும்பங்கள் எவ்வாறு அடுப்பெரித்தன, யார் யாருக்கு உதவினர் என்பவற்றை அவர்களைக் கேட்டால் ஒழிய யார் அறிவார்?

1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெவாடா அரசாங்கம் ஏழைத் தாய்மார் பலருடைய உதவித்தொகையை நிறுத்தியும் குறைத்தும்விட்டது. டல்லூலாவிலிருந்து வந்து குடியேறிய ரூபி டங்கன் என்பவர் முன்னின்று, மார்ச் மாதத்தில் பெரிய ஹோட்டல்கள் நிறைந்த வீதியிலே ஊர்வலம் நடத்தினார். அம்மாதத்திலேயே நீதிமன்றம் தாய்மார்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அத்தாய்மார்கள் தாங்களே ஓர் அமைப்பை ஏற்படுத்தி, மேற்குப் பகுதியில் மருத்துவமனையும் நூலகமும் நடத்தினர். அனெலீஸ் ஆர்லெக் என்னும் வரலாற்றாசிரியை அவர்களோடு பேசிப் பெற்ற செய்திகளைக் கொண்டு எழுதிய நூல் 2005இல் வெளிவந்தது. தாமே சேர்ந்து தமக்கு வேண்டியதை அமைத்துக்கொள்ளும் கொள்கை நமக்குப் புதிதன்று. ஆதலின் அவர்கள் கதை நமக்கு உறவுடையது.

கூட்டத்திற்கு முன் நடந்தது என்ன?

வாய்மொழியின் பயனை விளக்க ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1960ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆம் தேதி, மூடிக்கிடந்த மூலான் ரூஷ் ஹோட்டலில் நகரத் தலைவர்கள் கூடினர். ஹோட்டல்களும் சூதாட்ட விடுதிகளும் இனிமேல் கறுப்பின மக்களுக்குக் கதவை அடைப்பதில்லை என்ற உடன்பாடு அன்று வெளியாயிற்று. அவ்வுடன்பாடு அந்த ஹோட்டலின் பெயராலேயே வழங்கப்படுகிறது. அன்று கூடிய கூட்டத்தையே பலரும் வரலாறாகக் கொண்டனர்.

கறுப்பின மக்களின் சங்கத்திற்கு அக்காலத்தில் தலைவராயிருந்தவர் ஜேம்ஸ் மக்மில்லன் என்னும் பல் மருத்துவர். பாகுபாட்டை நீக்காவிடில் ஊர்வலம் நடத்துவோம் என்று அறிவித்தவர் அவரே. முதுமையில் அவர் அளித்த வாய்மொழி வரலாறு 1997இல் நூலாக வெளிவந்தது. ஹோட்டல் உரிமையாளர்கள் அந்தக் கூட்டத்திற்கு முன்னரே இசைந்துவிட்டனர், பேச்சு வேறு வழியாக முடிந்திருந்தது என்பது அவர் கூற்று. வந்த மிரட்டல்கள், மனத்திலிருந்த அச்சம், இடையில் நின்று செய்தி கொண்டுபோனவர்கள் — இவையனைத்தும் அவர் வாய்மொழியால் தெரியவருகின்றன.

கூட்டம் நடந்ததை ஏடு காட்டுகிறது. கூட்டம் நடக்கும்படி செய்தது எது என்பதை அதற்குக் காரணமானவர் கூறுகிறார். அவர் 1999இல் காலமானார். ஒரு சில ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால் அந்தச் செய்தி அவரோடு போயிருக்கும். முதியோரிடம் ‘அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம்’ என்று இருப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மாறுபட்ட சாட்சிகள்

லாஸ் வேகாஸுக்கு வடமேற்கே ஏறத்தாழ 65 மைல் தொலைவில் அமெரிக்க அரசாங்கம் அணுகுண்டுச் சோதனைத் தளம் ஒன்றை அமைத்தது. 1951ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி முதற் சோதனை நடந்தது. 1992இல் சோதனைகள் நிறுத்தப்படும் வரை 928 சோதனைகள் அங்கே நடந்தன. அவற்றுள் 100 வானவெளியில் நடந்தவை, எஞ்சியவை நிலத்தடியில். இதைப்பற்றிய அரசாங்க ஏடுகள் மலைபோல் குவிந்திருப்பினும், பல காலம் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன.

2003 முதல் 2008 வரை லாஸ் வேகாஸ் பல்கலைக்கழகத்தார் அத்தளத்தோடு தொடர்புடைய 150க்கும் மேற்பட்டவர்களிடம் வாய்மொழி வரலாற்றைப் பெற்றனர். குண்டைத் திட்டமிட்ட விஞ்ஞானிகள், சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள், படைவீரர்கள், அயலூர்ப் பண்ணையார்கள், தங்கள் மண்ணை இழந்த பழங்குடி மக்கள், சோதனையை எதிர்த்து மறியல் செய்தவர்கள் என எல்லாத் தரப்பினரும் இதில் இடம்பெற்றனர். நாட்டைக் காத்தோம் என்று பெருமை கொண்டவர் பேச்சும், எங்கள் உடல்நலத்தைக் கெடுத்தார்கள் என்று குமுறியவர் பேச்சும் ஒரே காப்பகத்தில் அருகருகே வைக்கப்பட்டன. எவர் சொல் சரியென்று காப்பகம் தீர்ப்புச் சொல்லவில்லை. படிப்பவர் எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடிவு காணட்டும் என்பதே முறை.

இங்கே ஏடுகளின் அருமையும் நன்கு விளங்கும். கதிரியக்கத்தால் நோயுற்றவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. ஆனால் இழப்பீடு கோருபவர், குறித்த காலத்தில் குறித்த மாவட்டத்தில் வசித்தார் அல்லது குறித்த இடத்தில் வேலை செய்தார் என்பதை ஆவணத்தால் மெய்ப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பதிவேடோ, வேலைப் பதிவேடோ கிடைத்தவருக்கு வழி பிறந்தது. கறையான் தின்ற ஒரு பதிவேடு ஒரு குடும்பத்தின் உரிமையையே தின்றதாகிவிடக்கூடும். ஏட்டைக் காப்பது வெறும் பழம்பெருமைக்காக அன்று.

நினைவு தவறினால் என் செய்வது?

‘மனிதர் நினைவு மாறக்கூடியது, அதை எங்ஙனம் நம்புவது?’ என்பது நியாயமான கேள்வி. இதற்கு இத்தாலி நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். டெர்னி என்னும் ஊரில் லூயிஜி ட்ரஸ்டுல்லி என்ற எஃகு ஆலைத் தொழிலாளி, 1949ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இத்தாலி வடஅட்லாண்டிக் இராணுவ உடன்படிக்கையில் சேர்வதை எதிர்த்த ஊர்வலத்தின்போது காவற்படையினரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி என்னும் அறிஞர் அவ்வூர்த் தொழிலாளரைக் கேட்டபோது, அவர் 1953இல், ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கம் செய்யப்பட்ட போராட்டத்தின்போது இறந்ததாகப் பலர் கூறினர்.

ஏடு சொல்வதே சரியான ஆண்டு. ஆனால் தொழிலாளர்கள் ஏன் அவ்வாறு மாற்றி நினைவில் வைத்தனர் என்று போர்ட்டெல்லி ஆராய்ந்தார். வேலை பறிபோனதே அவர்கள் வாழ்வின் பெருந்துயரம். தோழர் ஒருவரின் சாவு அப்பெருந்துயரத்தோடு சேர்ந்தால்தான் பொருளுடையதாக அவர்களுக்குப் பட்டது. தவறான தேதியிலும் ஓர் உண்மை பொதிந்திருந்தது.

ஆகவே தேதி, தொகை, பெயர் ஆகியவற்றுக்கு ஏட்டை நாடவேண்டும். காரணம், உணர்ச்சி, உழைப்பின் நுணுக்கம் ஆகியவற்றுக்கு மனிதரை நாடவேண்டும். இரண்டும் முரண்பட்டால் ஒன்றை அழித்துவிடாமல் இரண்டையும் குறித்து வைக்கவேண்டும். பாவு மட்டும் கொண்டு துணியாகாது. ஊடை மட்டும் கொண்டும் ஆகாது.

பேட்டி காணும் முறை

இவ்வகைப் பணியில் பழகியவர்கள் கைக்கொள்ளும் முறைகளைச் சுருக்கித் தருகிறோம்.

1. முதலில் ஏடுகளைப் படித்துக்கொண்டு செல்லவேண்டும். பெரியவர் தறி பூட்டிய ஆண்டு, சங்கத்தில் சேர்ந்த தேதி முதலியவற்றை அறிந்து சென்றால், அவர் நினைவுக்கு அது ஊன்றுகோலாகும்.

2. எதற்காகக் கேட்கிறோம், யார் கேட்கப்போகிறார்கள், எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முன்னரே சொல்லி, எழுத்து மூலம் இசைவு பெறவேண்டும். எந்தப் பகுதியையேனும் தம் காலத்திற்குப் பின்னரே வெளியிடவேண்டும் என்று அவர் கூறினால் அதற்குக் கட்டுப்படவேண்டும். பேச்சு அவருடைய உடைமை.

3. ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடியும் கேள்விகளைத் தவிர்க்கவேண்டும். ‘அக்காலத்தில் கஷ்டம் அதிகமா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ‘காலையில் எழுந்தது முதல் வேலை எப்படி நடக்கும்?’ என்று கேட்டால் ஒரு நாள் முழுதும் கண்முன் வரும்.

4. பெரியவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைத் தொடுக்கலாகாது. சற்றுப் பொறுத்திருந்தால் அவரே தொடர்வார். இடைமறித்துத் திருத்துவதும், நம் கருத்தை அவர் வாயில் வைப்பதும் கூடா.

5. குடும்பத்தில் ஆடவரோடு மட்டும் பேசித் திரும்பிவிடலாகாது. நூல் இழைத்தவர், பாவு ஓட்டியவர், களை எடுத்தவர் பெரும்பாலும் பெண்களே. லாஸ் வேகாஸில் பணிப்பெண்களிடம் சென்ற பின்னர்தான் வரலாற்றின் பெரும்பகுதி வெளிப்பட்டது என்பதை நினைவில் கொள்க.

6. பதிவின் தொடக்கத்திலேயே பேசுபவர், கேட்பவர், இடம், தேதி ஆகியவற்றைக் குரலாகச் சொல்லவேண்டும். பேசியதைப் பேசியபடியே எழுத்துப்படி எடுத்து, பேசியவரிடம் படித்துக் காட்டி, பெயர்களையும் ஊர்களையும் சரிபார்க்கவேண்டும். தொழிற்சொற்களை ஏட்டுத் தமிழாக மாற்றிவிடலாகாது. அவர் சொன்ன சொல்லே செல்வம்.

ஏடுகளைக் காக்கும் முறை

பாலைவனத்தின் வறட்சி காகிதத்தைப் பூசணம் பிடிக்காமல் காக்கும். ஆனால் வெப்பமும் வெயிலும் அதனை முறுகச் செய்யும். நம் நாட்டில் ஈரமும் பூச்சியும் பெரும் பகைவர். குண்டூசியும் இரும்புப் பிடிப்பும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அவற்றை எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டலாம். கிழிந்த தாளைப் பசை நாடாவால் ஒட்டுவது நன்மைபோல் தோன்றிப் பிற்காலத்தில் கறையும் பிசினுமாகக் கெடுக்கும். சுவரை ஒட்டியும் தரையிலும் கட்டுகளை வைக்கலாகாது. காற்றோட்டமான இடத்தில், தரையினின்று உயர்ந்த பலகையில் வைத்து, மாதம் ஒருமுறை கறையானும் இராமபாணமும் பார்க்கவேண்டும்.

பழைய கட்டுகளை அவை இருந்த வரிசையிலேயே வைப்பது காப்பகத்தாரின் முதல் விதி. எந்தக் கடிதத்தோடு எந்த இரசீது சேர்ந்திருந்தது என்பதே ஒரு செய்தியாகும். புகைப்படங்களின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயர், ஆண்டு, இடம் குறிக்கலாம். மையினால் அழுத்தி எழுதலாகாது. படத்திலிருப்போரை அடையாளம் காட்டக்கூடிய முதியோர் இருக்கும்போதே அதைச் செய்தல் வேண்டும். பெயரற்ற முகங்கள் நிறைந்த பெட்டி பாதி இழந்த பெட்டியே.

இன்று கைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யவும் ஏடுகளைப் படமெடுக்கவும் இயலும். இது பெரும் வசதி. ஆயினும் கைபேசி பழுதானால் பதிவும் போகும். ஆகையால் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு படிகளேனும் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்கவேண்டும். படமெடுத்துவிட்டோம் என்று மூல ஏட்டை எடைக்குப் போட்டுவிடுதல் பெருந்தவறு.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

பல்கலைக்கழகமோ பெருஞ்செலவோ இருந்தால்தான் இப்பணி நடக்கும் என்பதில்லை. சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகம், அங்கத்தினர் பதிவேடு, பங்குப் பதிவேடு, கொள்முதல் கணக்கு, பழைய சேலை மாதிரிகள், பயிர் பற்றிய குறிப்புகள் எவை எவை எங்கே உள்ளன என்று ஒரு பட்டியல் எழுதுவதே முதற்படி. சட்டப்படி வைத்திருக்கவேண்டிய காலம் கடந்ததும் பழைய புத்தகங்களைக் கழிக்கும் வழக்கம் உண்டு. கழிக்குமுன், வரலாற்று மதிப்புடையவற்றைப் பிரித்தெடுக்க நிர்வாகக் குழு தீர்மானம் செய்துகொள்ளலாம்.

அடுத்து, மூத்த அங்கத்தினர்களின் பெயர்களை வயது வரிசையில் எழுதி, மிக மூத்தவரிடமிருந்து தொடங்கவேண்டும். படித்த இளைஞர் ஒருவரும் தொழிலறிந்த ஒருவரும் இணைந்து செல்வது நலம். மாதத்திற்கு ஒருவர் என்று கொண்டாலும் ஓராண்டில் பன்னிருவர் பேச்சு சங்கத்தின் சொத்தாகும். பெருமைக்குரியவற்றை மட்டும் கேளாமல், சங்கம் நலிவுற்ற காலத்தையும், பிணக்கு நேர்ந்த காலத்தையும், சேர்க்கப்படாமல் வெளியே நின்றவர்களையும் பற்றிக் கேட்கவேண்டும். லாஸ் வேகாஸ் நகரம் தன் ஒளி வீதியை மட்டும் பதிந்துவைத்து மேற்குப் பகுதியை விட்டிருந்தால், அதன் வரலாறு விளம்பரமாகவே முடிந்திருக்கும்.

சங்கக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் கலந்துபேசுவதற்குரிய சில வினாக்களைக் கீழே தருகிறோம்.

1. நம் சங்கத்தின் முதல் நடவடிக்கைப் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது? அதில் கையொப்பமிட்டவர்களுள் இன்று நம்மிடையே இருப்பவர் யார்?

2. நம் கணக்கேடுகளில் எவருடைய உழைப்பு பெயரின்றி மறைந்து கிடக்கிறது?

3. ஒரு நிகழ்ச்சியைப் பற்றி ஏடு ஒன்றும் மூத்தவர்கள் மற்றொன்றும் கூறினால், அவ்வேறுபாட்டிலிருந்து நாம் அறியக்கூடியது யாது?

4. வரும் மாதத்தில் முதற்பேட்டிக்கு யாரை அணுகுவது? யார் செல்வது?

நான்காம் வினாவிற்கு அன்றைய கூட்டத்திலேயே விடை கண்டு, பெயரும் தேதியும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படுமாயின், இப்பாடம் தன் பயனை எய்தியதாகக் கொள்வோம்.